பத்து கிராம் எடை

ஷா, பே.
எம், என், கா.
நான் குச்சியைத் தூக்குமுன்பே
ஒப்பித்து முடித்துவிடுகிறார் ஷர்ஷென்பெக்.
நாரின் நகரில் பள்ளிக்கூடம் போன எவருக்கும்
இந்தப் பலகை மனப்பாடம்.
மேசைக்கடியில் படுத்திருக்கும் டிப்போ நாய்க்குக்கூட
இரண்டாம் வரிவரை தெரிந்திருக்கும்.

அதனால் பக்கத்துப் பலகைக்குப் போகிறேன்.
அதில் எழுத்து கிடையாது, வாய் பிளந்த வளையங்கள்தான்.
திறப்பு எந்தப் பக்கம்?
மேலே. இடம். கீழே. இடம். வலம்.
பத்தாம் வரியிலும் பிசகவில்லை.
ஐந்து மீட்டருக்கு அப்பால்
கடுகளவு வளையத்தின் வாயைக் காண்கிற மனிதர்
வேனின் வலப்பக்கக் கண்ணாடியை
இந்த வருடம் மூன்றாம் முறை உடைத்திருக்கிறார்.

"ஆடு" என்கிறார். "எங்கிருந்தோ வந்தது."
செப்டம்பரில் ஒரு கம்பம் எங்கிருந்தோ வந்தது.
டோலோன் கணவாயில்
சாலை போடுகிறவனின் தள்ளுவண்டி எங்கிருந்தோ வந்தது,
ஆள் குதித்துத் தப்பினான்.

படுங்கள் என்கிறேன்.
கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து.
பிறகு அடியில் நீல மை தடவிய உலோகத் துண்டு:
பத்து கிராம்,
அவர் தேநீரில் போடும்
இரண்டு சர்க்கரைக் கட்டிகளின் கனம்.
விழியின் மேல் நிறுத்துகிறேன்.
கூரையில் ஈரம் கோத்த இடத்தையே பார்த்துக்கொண்டு
மூச்சைப் பிடித்திருக்கிறார்,
வளைவில் லாரிக்கு வழிவிடுகிறவர்போல.

எடுத்து, ஸ்பிரிட் தடவிய தாளில் ஒற்றுகிறேன்.
நீல வட்டம். நடுவில்
கண் தொட்டு மையை வாங்கிக்கொண்ட வெள்ளை.
மெத்தென்ற கண் பெரிதாக எழுதும்.
காற்று கூடிய டயர்போல இறுகிய கண்
பொடியாக எழுதும்.
அவருடையது பயறளவு.

அளவுகோலில் எண்ணைப் படிக்கக் கையை நீட்டுகிறேன்.
இன்னும் நீட்டுகிறேன்.
கை போதவில்லை.
எனக்கு வெள்ளெழுத்து.
மூக்குக்கண்ணாடி கோட்டுப் பையில்,
கோட்டு வாசல் ஆணியில்.
எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு
அவரே எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"முப்பத்தாறு."
நோயாளி படிக்க நான் எழுதிக்கொண்டேன்.

டாக்டர் அனிபா வந்தார்.
தன் விரலை அவர் காதருகிலிருந்து
மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார்.
தெரிகிறபோது சொல்லுங்கள்.
விரல் ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்தபின் சொன்னார்.

"அந்த இடம் இருட்டாகவா இருக்கிறது?"
"இருட்டெல்லாம் இல்லை."
"பின்னே?"
"சாலைதான்."

புரை விழுந்தால் மூட்டமாவது தெரியும்.
மாலைக்கண் என்றால் அந்தி காட்டிக்கொடுக்கும்.
இது சொல்லாமல் கொள்ளாமல் ஓரத்தைத் தின்று,
தின்ற இடத்தில்
மிச்சமிருக்கும் சாலையையே இழுத்து மூடிவிட்டுப் போகும்.
போனது வராது என்றார் அனிபா.
இருப்பதற்குத்தான் மருந்து,
இரவுக்கு ஒரு சொட்டு, சாகும்வரை.

அவர் மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"அப்போ பலகையை நான் நிஜமாகத்தான் படித்தேன்?"
ஆமாம்.
"பொய் சொல்லவில்லை?"
இல்லை, ஷர்ஷென்பெக்.
உரிமத்தை மேசையில் வைத்தார்,
பிறகு ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
எட்டத்தில் இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும்.
பனியில் பதினோரு பயணிகள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
சாவி மைத்துனன் கையில்.
இவர் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்
உடைந்த கண்ணாடியருகே ஏறி உட்கார்ந்தார்,
இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

வேன் நகர்ந்ததும்
தலையை முழுசாகத் திருப்பினார், கோழிபோல,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
எங்கள் நாய் எப்போது வெளியே போனதோ,
வாசலில் குறுக்கே வந்தது.
மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து
அவர் கத்தியது இங்கே கேட்டது.
மைத்துனன் அதற்கு அப்புறம்தான் பிரேக்கை மிதித்தான்.